ரோட்ஸ்டருக்குக் கூரை: விஷயம் ஓரத்தில்தான் இருக்கிறது

1962-ல் இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து எம்ஜிபி கார் வெளிவந்தபோது அது இரண்டு பேர் உட்காரும் ரோட்ஸ்டர். தலைக்கு மேல் ஒன்றும் கிடையாது. மழை வந்தால் துணியை இழுத்து மூடிக்கொள்ள வேண்டியதுதான். மூன்று வருடம் கழித்து, 1965 அக்டோபரில், அதே காருக்கு நிரந்தர இரும்புக் கூரை போட்டு எம்ஜிபி ஜிடி (கிராண்ட் டூரிங் என்பதன் சுருக்கம்) என்று விற்பனைக்கு விட்டார்கள். எஞ்சின் அதே 1798 சிசிதான். எடை மட்டும் சுமார் 100 கிலோ ஏறிவிட்டது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது ஜிடி கொஞ்சம் மந்தம். ஆனால் ஆக்ஸிலரேட்டரை அடியோடு மிதித்து நீண்ட நேர்ச்சாலையில் ஓட்டினால், மணிக்கு 160 கி.மீ. அளவோடு வேகம் நின்றுவிடும் ரோட்ஸ்டரைவிட அது மணிக்கு 8 கி.மீ. போல வேகமாகப் போனது.

கிளம்பும்போது எஞ்சின் மல்லுக்கட்டுவது எடையோடு. உச்ச வேகத்தில் எதிரி காற்று. காற்றைக் கிழித்துப் போகத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு வேண்டும். அதே எஞ்சினை வைத்துக்கொண்டு வேகம் 5 சதவீதம் கூடியது என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள், காற்றின் தடை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்திருக்க வேண்டும். இத்தனைக்கும் ஜிடியின் முன்கண்ணாடி ரோட்ஸ்டருடையதைவிட உயரம்.

திறந்த காரில் காற்று முன்கண்ணாடியின் மேல்விளிம்பு வரை ஒழுங்காக ஏறி வருகிறது. அதற்கப்புறம் ஒட்டிக்கொண்டு போக ஒரு பரப்பு இல்லை. விளிம்பிலேயே பிய்த்துக்கொண்டு, இருக்கைகளுக்குப் பின்னால் விழுந்து, சுழன்று முன்பக்கமாகவே திரும்புகிறது. ரோட்ஸ்டரில் வேகமாகப் போகும்போது முடி பின்னால் பறக்காமல் முகத்தில் வந்து அறைவது இதனால்தான். காற்று பிடரிப் பக்கமிருந்து வருகிறது. அந்தச் சுழலைச் சுழற்றவும் பெட்ரோல்தான் செலவாகிறது. கூரை இருந்தால் காற்று அதன் மேல் படிந்தபடி பின்பக்கம் வரை இறங்கிப் போகும். சரிவு மட்டும் நிதானமாக இருக்க வேண்டும். 30 டிகிரிக்கு மேல் செங்குத்தாகச் சரித்தால் காற்று பின்கண்ணாடியை விட்டு விலகி, மறுபடி அதே சுழல்தான்.

பந்தயக்காரர்களுக்கு இது பெரிய பாடமாக அமைந்தது 1964-ல். அமெரிக்கப் பந்தயக்கார் தயாரிப்பாளர் கேரல் ஷெல்பியின் கோப்ரா ரோட்ஸ்டரில் 4.7 லிட்டர் எஞ்சின் இருந்தும், பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தின் நீண்ட நேர்ச்சாலையில் மணிக்கு 255 கி.மீ.க்கு மேல் போகத் திணறியது. மூன்று லிட்டர் எஞ்சின் கொண்ட ஃபெராரி 250 ஜிடிஓ அதைத் தாண்டிப் போனது. ஃபெராரி மூடிய கார். ஷெல்பியிடம் வேலை பார்த்த பீட்டர் பிராக், கோப்ராவின் சேஸிஸ் (உடலைத் தாங்கும் அடிக்கூடு) மேல் நீண்ட கூரையும் சட்டென்று வெட்டப்பட்ட வாலும் கொண்ட உடலை வரைந்தார். எஞ்சின் ஏறக்குறைய அதேதான்; வேகம் சுமார் 300 கி.மீ.யைத் தொட்டது. கட்டியது ஆறே ஆறு கார்கள். 1964 லெ மானில் ஜிடி பிரிவில் முதலிடம், அடுத்த ஆண்டு ஜிடி கார்களுக்கான உலகப் பட்டம். டேடோனா கூப்பே (கூப்பே என்றால் கூரை மூடிய கார்) என்ற பெயர் இன்றும் நிற்கிறது.

அந்தக் கூரையைத் தாங்க உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக வைத்துக் கட்டினார்கள். காற்றுக்காகச் செய்த அந்த வேலையில் கோப்ராவின் தொளதொள சேஸிஸும் இறுகிவிட்டது. என்னைக் கேட்டால் கூரையின் பெரிய வேலை இதுதான். காற்றெல்லாம் அதற்கப்புறம்.

ஒரு செருப்பு டப்பாவை எடுத்து மூடியைக் கழற்றிவிட்டு, இரு முனைகளையும் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள். சொன்னபடி கேட்கும். மூடியைச் சும்மா மேலே வைத்து முறுக்குங்கள். கொஞ்சம்தான் மாறும், மூடி ஓரத்தில் வழுக்கும். இப்போது மூடியின் நான்கு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டிவிட்டு முறுக்குங்கள். அசையாது. அட்டை அதே அட்டைதான். மாறியது ஓரம் மட்டும்.

ஒரு தகட்டுக் குழாயை முறுக்கும்போது சுவரின் ஒவ்வொரு கீற்றும் பக்கத்துக் கீற்றை இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறது. அந்த இழுவிசை குழாயைச் சுற்றி வந்து கிளம்பிய இடத்திலேயே சேர்ந்தால் வட்டம் முழுமையாகிறது, குழாய் எதிர்த்து நிற்கிறது. நீளவாக்கில் ஒரு கீறல் போட்டால் வட்டம் அறுந்துவிடும். ருடால்ஃப் பிரெட் என்ற ஜெர்மன் பொறியாளர் 1896-லேயே இதற்குச் சூத்திரம் எழுதிவிட்டார். 100 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. தடிமனும் உள்ள இரும்புக் குழாயில் அப்படி ஒரு கீறல் போட்டால், முறுக்கத்தை எதிர்க்கும் பலம் 7,500-இல் ஒரு பங்காகச் சரிகிறது. அச்சுப்பிழை இல்லை, ஏழாயிரத்து ஐந்நூறுதான்.

ரோட்ஸ்டர் என்பது மேல்பக்கம் முழுக்கக் கீறிய குழாய். அப்படியானால் அது சாலையில் எப்படி நிற்கிறது? கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் அடிச்சட்டம் இருக்கிறதே, அது தனக்குள் மூடிய பெட்டிக் குழாய். எம்ஜிபிக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது; சிட் எனெவர் தலைமையில் அதை வடிவமைத்தவர்கள் முதலிலிருந்தே திறந்த காராக நினைத்ததால், அந்தச் சட்டத்தையும் நடுவில் ஓடும் கியர்பாக்ஸ் சுரங்கத்தையும் நம்பியே உடலைக் கட்டினார்கள். ஆனாலும் குண்டு குழியில் ஒரு சக்கரம் மட்டும் இறங்கினால் டேஷ்போர்டு ஒரு பக்கமும் கதவு இன்னொரு பக்கமும் நடுங்கும், கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி மங்கித் தெரியும். ஆங்கிலேயக் கார்ப்பிரியர்கள் இதை ஸ்கட்டில் ஷேக் என்பார்கள். உடலே ஒரு ஸ்பிரிங் போல முறுக்கிக்கொள்வதால், சஸ்பென்ஷனை எவ்வளவு கவனமாகச் சரிசெய்தாலும் முன்சக்கரம் சொல்வது பின்சக்கரத்துக்கு முழுதாகப் போய்ச் சேராது.

கூரை போட்டதும் ஏழாயிரம் மடங்கு பலம் வந்துவிடுவதில்லை. காரணம் ஜன்னல்கள். பக்கச் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய ஓட்டைகள். விசை அங்கே தூண்கள் வழியாகத்தான் இறங்க வேண்டும், தூண்கள் வளையும். 1998-ல் உற்பத்திக்கு வந்த பிஎம்டபிள்யூ இசட்3 கூப்பே இதற்கு நல்ல உதாரணம். ரோட்ஸ்டரின் தொளதொளப்பு பிடிக்காத பொறியாளர் குழு ஒன்று புர்க்ஹார்ட் கோஷல் தலைமையில், நிர்வாகம் கேட்காமலே செய்த வேலை அது. கூரை வந்த பிறகு முறுக்கத்தை எதிர்க்கும் பலம் ரோட்ஸ்டரைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். ஆயிரங்களோடு ஒப்பிட்டால் சின்ன எண்தான், ஆனால் ஓட்டுகிறவரின் கைக்கு அது வேறு கார். (பின்னழகைப் பற்றி அன்று பலர் முகம் சுளித்தார்கள். எனக்குப் பிடிக்கும்.)

கழற்றி மாட்டும் கெட்டிக் கூரையான ஹார்ட்டாப் ஏன் போதாது என்பதும் இப்போது விளங்கும். அது முன்கண்ணாடிச் சட்டத்தில் கிளிப் போட்டும் பின்னால் சில போல்ட்டுகளிலும் நிற்கிறது, நடுவில் ரப்பர். டப்பா மேல் சும்மா வைத்த மூடி. போதாக்குறைக்கு எம்ஜிபி ரோட்ஸ்டரின் முன்கண்ணாடிச் சட்டம் உடலோடு சேர்ந்ததே அல்ல, போல்ட் போட்டு நிறுத்திய அலுமினியச் சட்டம். அதன் மேல் எவ்வளவு நல்ல கூரையை ஒட்டினாலும் விசை கீழே இறங்க வழியில்லை. ஜிடியை வடிவமைத்த இத்தாலிய நிறுவனம் பினின்ஃபரினா அந்தச் சட்டத்தையே தூக்கிப்போட்டுவிட்டு, உடலோடு பற்றவைத்த இரும்புத் தூண்களை நிறுத்தி, முன்கண்ணாடியை உயர்த்தியது. உயர்த்தாமல் விட்டிருந்தால் கூரை தலையில் இடித்திருக்கும், அல்லது மேலே தொப்பி வைத்தது போலத் துருத்தியிருக்கும். அந்தக் காலத்துத் தனியார் மாற்றங்கள் பலவற்றில் இந்தத் தொப்பிக் கோளாறைப் பார்க்கலாம்.

தொழிற்சாலைக்கு முன்பே இதில் இறங்கியவர்கள் உண்டு. பிரஸ்ஸல்ஸில் ஜாக் கூன் 1964 வாக்கில் எம்ஜிபிக்குச் சரிந்த கூரை போட்டுச் சில டஜன் கார்களை விற்றார். ஹோவ் நகரில் பஸ் பாடி கட்டிக்கொண்டிருந்த தாமஸ் ஹாரிங்டன் நிறுவனம் சன்பீம் ஆல்பைன் ரோட்ஸ்டருக்குக் கண்ணாடியிழைக் கூரை போட்டது. அப்படி ஒரு கார் 1961 லெ மானில் எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தியதற்கான வெப்பத்திறன் பரிசை வென்றது. காற்றுத் தடை குறைந்ததன் பலன் பெட்ரோல் கணக்கில் தெரியத்தானே செய்யும்.

பட்டறையில் இதைச் செய்கிறவர் முதலில் பார்ப்பது கூரையை அல்ல, கதவிடுக்கை. துருப்பிடித்த அடிச்சட்டம் உள்ள ரோட்ஸ்டர் நடுவில் லேசாகத் தொய்ந்திருக்கும். கதவின் மேல்பக்கம் இடைவெளி குறுகி, கீழ்ப்பக்கம் அகன்று, மூடும்போது பூட்டு உரசும். அந்த நிலையிலேயே கூரையைப் பற்றவைத்தால் தொய்வும் சேர்ந்து நிரந்தரமாகிவிடும். அப்புறம் எந்த டிங்கர் வந்தாலும் உடலை நிமிர்த்த முடியாது. அதனால் சட்டத்தை முதலில் மாற்றி, காரைச் சமதளத்தில் நிறுத்தி, கதவு வாசலின் குறுக்கே இரும்புப் பட்டையைத் தற்காலிகமாக வெல்ட் செய்து, இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவுக்கு வந்த பிறகே மேல்வேலை. மெல்லிய கூரைத் தகட்டில் நீளமாக வெல்டிங் இழுத்தால் சூட்டில் அலை அலையாகச் சுருங்கும். இங்கே ஒரு பொட்டு, எதிர்முனையில் ஒரு பொட்டு என்று ஆறவிட்டு ஆறவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

கண்ணாடியிழைக் கூரை என்றால் வெல்டிங் தொல்லை இல்லை, எடையும் குறைவு. வேறு தொல்லை உண்டு. சாதாரணக் கண்ணாடியிழைப் பாயின் விறைப்பு இரும்பில் இருபதில் ஒரு பங்குகூட வராது. வெயிலில் விரிவதோ ஏறத்தாழ இரு மடங்கு. இரண்டும் சேரும் கோட்டின் மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடித்து மறைத்தால், சில கோடைகளுக்குள் அந்தக் கோடு மயிரிழை வெடிப்பாக மேலே எழுந்து வந்துவிடும். இணைப்பை மறைக்காமல் ஒரு பள்ளக்கோடாகவே விட்டுவைப்பது நல்லது.

மூடிய பிறகு உள்ளே வேறு உலகம். காற்றிரைச்சல் போய், அதுவரை கேட்காத பின்அச்சின் முனகல் கேட்கத் தொடங்கும். தட்டையான பெரிய கூரைத் தகடு ஒரு குறிப்பிட்ட எஞ்சின் வேகத்தில் குடத்துக்குள் பேசுவது போல அதிரும். லேசான வளைவும் உள்பக்கம் ஒட்டும் தார் அட்டையும் அதை அடக்கும். கியர்பாக்ஸ் சுரங்கத்தின் சூடு வெளியேற வழி வேண்டும். எம்ஜிபி ஜிடியின் பின்பக்கச் சிறு ஜன்னல்களைக் கீல் வைத்துத் திறக்கும்படி செய்தார்கள். எடைக்குப் பதில் சொல்ல எல்லா எஞ்சினாலும் முடியாது. ட்ரையம்ஃப் நிறுவனம் ஸ்பிட்ஃபயருக்குக் கூரை போட்டுப் பார்த்தபோது சிறிய நான்கு சிலிண்டர் எஞ்சின் இழுக்கத் திணறியது. 1966-ல் ஜிடி6 என்று விற்பனைக்கு வந்தபோது உள்ளே இரண்டு லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் உட்கார்ந்திருந்தது.

குளிர்காலத்தில் நனையாமல் போய்வந்தால் போதும் என்பவருக்குக் கழற்றும் ஹார்ட்டாப்பே தாராளம். வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம். நடுக்கமும் நிற்க வேண்டும் என்றால் தூணிலிருந்து தொடங்கியாக வேண்டும். எம்ஜிபியாக இருந்தால், நல்ல ஜிடி ஒன்றைத் தேடி வாங்குவது அந்தப் பட்டறைச் செலவைவிடக் குறைவாகவே முடியும்.