அக்னோசியா: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

பக்கவாதத்தில் பேச்சு பாதிக்கப்பட்ட ஒருவரிடம் சாவியைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்கிறோம். பதில் வரவில்லை. சொல் வரவில்லை என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் பெயர் வாயில் வராதது வேறு, சாவியைச் சாவியென்று அறியாதது வேறு. முன்னது அஃபேசியா, அதாவது மொழியிழப்பு. பின்னதுதான் அக்னோசியா.

மொழியிழப்பு மட்டும் உள்ளவர் பெயருக்குத் திணறினாலும், மணிக்கட்டைத் திருப்பிப் பூட்டைத் திறப்பதுபோல் பெரும்பாலும் காட்டிவிடுவார். பார்வை அக்னோசியா உள்ளவருக்குச் சாவியின் பளபளப்பு தெரியும், பல் பல்லாக இருப்பதும் தெரியலாம். மொத்தத்தில் அது என்னவென்றுதான் பிடிபடாது. அதையே கையில் கொடுங்கள், அல்லது கொத்தாகக் குலுக்குங்கள். சட்டென்று புரிந்துகொள்வார். சிலருக்கு இரண்டு பாதிப்பும் சேர்ந்தே இருக்கும். சிலருக்குச் சைகையும் வராது. கவனம் நிற்காதவரும் இப்படித்தான் தடுமாறுவார். அதனால் சத்தமில்லாத அறையில், ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் வைத்து, பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு கேள்வியில் முடிவுக்கு வருவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

அக்னோசியா என்ற சொல் பிறந்ததும் மொழியிழப்பு பற்றிய ஆய்வில்தான். சிக்மண்ட் பிராய்டு, உளப்பகுப்பாய்வுக்கு முன் நரம்பியல் மருத்துவராக இருந்த காலத்தில், 1891இல் அஃபேசியா பற்றி எழுதிய நூலில் இதை முன்வைத்தார். பொருளை அறிவதில் வரும் கோளாறை மொழிக் கோளாறிலிருந்து பிரித்துச் சொல்ல அவருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது.

கிரேக்கத்தில் 'அ' என்றால் இன்மை, 'க்னோசிஸ்' என்றால் அறிவு. வடமொழி 'ஞானம்' இதே வேரில் கிளைத்ததுதான். அப்படிப் பார்த்தால் அக்னோசியாவின் உடன்பிறப்பு, நமக்கு நன்றாகத் தெரிந்த 'அஞ்ஞானம்'!

சரி, அதையே வைத்துக்கொள்ளலாமா? கூடாது. அஞ்ஞானம், அறியாமை இரண்டும் ஆளைக் குறை சொல்லும் சொற்கள். இவரோ எல்லாம் அறிந்தவர். அறிவுக்குப் போகும் ஒரு வழி மட்டும் அடைபட்டிருக்கிறது. 'இனங்காணாமை' சுருக்கமானதுதான், ஆனால் வேண்டுமென்றே காணாததுபோலவும் தொனிக்கிறது. நான் 'இனங்காண இயலாமை' என்றே எழுதுவேன். முன்னால் புலனையும் சேர்த்துக்கொள்ளலாம்: கண்வழி, செவிவழி, தொடுவழி. குறிப்பேட்டில் 'கண்வழி இனங்காண இயலாமை' என்றிருந்தால், சாவியைக் காட்டிக்கொண்டே நிற்காமல் கையில் கொடுத்துப் பார்க்கலாம் என்று வீட்டாருக்கே தோன்றிவிடும்.