‘கீழே போய்க் காட்டுங்க’ என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அம்மா அவர். வயது ஐம்பதைத் தாண்டியவர். (ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மார்பில் கட்டி, பயாப்சியில் (சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) புற்றுநோய் என்று வந்துவிட்டது. டியூட்டியில் இருந்த சிஸ்டர் மகனை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். “அம்மா தாங்க மாட்டாங்க, அவங்ககிட்ட சொல்லிடாதீங்க” என்றார் மகன். சரி என்று அம்மாவிடம், “சின்னக் கட்டிதாம்மா, கீழே போய்க் காட்டிட்டு வாங்க” என்று ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பியாயிற்று. மகனுக்குத் திருப்பூரில் வேலை, மறுநாளே இறங்கிவிட்டார்.

அது ஏப்ரல். மழை விழுந்து கொழுந்து தள்ளுகிற நேரம். சின்னக் கட்டிக்காக நாள் சம்பளத்தை விட்டுவிட்டு யார் மலையிறங்கிக் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறுவார்கள்? நவம்பரில் அவர் திரும்பி வந்தபோது கட்டி உடைந்து புண்ணாகியிருந்தது. “அன்னைக்கே கேன்சர்னு சொல்லியிருந்தா கூடையை இறக்கி வச்சுட்டு போயிருப்பேனே சிஸ்டர்” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்படி ஆனவர்களில் அவர் முதல் ஆள் இல்லை. அதனால்தான் மலையில் வேலை பார்க்கும் நர்ஸ்களான நமக்காக எழுதுகிறேன்.

‘சொன்னால் தாங்க மாட்டார்கள்’ என்பதை எங்கே கற்றுக்கொண்டோம் என்று தெரியவில்லை. இருபது வருடம் எஸ்டேட்டின் லைன் வீட்டில் (தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) குடும்பம் நடத்தி, அட்டைக் கடியிலும் காட்டெருமைக்கு நடுவிலும் மலைச்சரிவில் நின்று வேலை பார்த்து, கணவனைப் புதைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்த பெண் ஒரு வார்த்தையைத் தாங்க மாட்டாரா? தாங்க முடியாதவர் பெரும்பாலும் சொல்ல வேண்டிய நாம்தான். எதிரே ஒருவர் அழுவதைப் பார்க்க நமக்குத் தெம்பில்லை. அதனால் ‘கட்டி’, ‘சதை வளர்ச்சி’, ‘கொஞ்சம் சந்தேகமா இருக்கு’ என்று வார்த்தையைச் சுற்றி ஓடுகிறோம். மறைப்பதால் பயம் குறைவதும் இல்லை. வீட்டில் எல்லாரும் கிசுகிசுப்பதும், திடீரென்று நல்ல சாப்பாடு வருவதும் அவருக்குப் புரியாதா? கேட்கத்தான் ஆள் இருக்காது.

உடம்பு அவருடையது, ரிப்போர்ட்டும் அவருடையது. ரத்தம் எடுக்கும்போதே, பயாப்சிக்கு அனுப்பும்போதே கேட்டுவிடுங்கள்: “முடிவு வந்தா உங்ககிட்டயே சொல்லலாமா? கூட யார் இருக்கணும்?” என்று. “பையன்கிட்ட சொல்லிடுங்க, எனக்கு வேண்டாம்” என்று அவரே சொன்னால் அது அவர் இஷ்டம். கேஸ் ஷீட்டில் எழுதி வையுங்கள். மகன் சொல்லி நாம் மறைப்பது வேறு விஷயம்.

நோயின் பெயரை முதலில் சொல்வது டாக்டர் வேலை, நம் வேலை இல்லை. அதில் குழப்பம் வேண்டாம். ஆனால் டாக்டர் மூன்று நிமிடம் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போன பிறகு, “அவர் என்ன சொன்னார் சிஸ்டர்?” என்று கேட்பது நம்மிடம்தான். எனவே அந்த அறையில் நீங்கள் இருங்கள். போனை சைலண்ட்டில் போடுங்கள். நோய் இருக்கிறது என்பதற்கு ‘பாசிட்டிவ்’ என்று மட்டும் சொல்லி விடாதீர்கள், நல்ல செய்தி என்று சிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சொன்ன பிறகு கொஞ்சம் பேசாமல் இருங்கள். அப்புறம், “வீட்டுல போய் என்ன சொல்லுவீங்க?” என்று அவரையே சொல்ல வையுங்கள். எவ்வளவு புரிந்தது என்பது அப்போதுதான் தெரியும்.

படுக மொழியோ பணியர் மொழியோ மட்டும் பேசுகிறவருக்கு, கூட வந்த பத்து வயதுப் பேரனை வைத்து மொழிபெயர்க்காதீர்கள். தயவுசெய்து. அந்த மொழி தெரிந்த ஊழியர் ஒருவரைக் கூப்பிடுங்கள். எஸ்டேட் மேஸ்திரியிடம் சேதி சொல்லி அனுப்புவதும் கூடாது, சாயங்காலத்துக்குள் எல்லா லைனுக்கும் தெரிந்துவிடும். எச்ஐவி என்றால் 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்ல முடியாது. முதல் பரிசோதனைக் கிட்டில் வந்ததை வைத்து வாயைத் திறக்கவும் கூடாது. எச்ஐவி பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் வேறு வேறு கிட்டில் பார்த்து உறுதி செய்வதற்குக் காரணம் இருக்கிறது.

கூடலூர், பந்தலூர் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. பரம்பரையாக வரும் ரத்த நோயான அரிவாள் செல் நோய்க்கான பரிசோதனையில் ‘ட்ரெய்ட்’ (அப்பா அம்மாவில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்தக் குறை வந்தவர்) என்று வந்தவர் நோயாளி அல்ல. “உங்க ரத்தத்துல குறை இருக்கு” என்று அரைகுறையாகச் சொல்லிக் கல்யாணப் பேச்சை முறித்துவிடாதீர்கள். கணவன் மனைவி இருவருமே ட்ரெய்ட் என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. அதைப் பொறுமையாகச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

கடைசி பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதும், சனிக்கிழமை சாயங்காலமும் முடிந்தவரை வேண்டாம். கீழே அனுப்புவதென்றால் எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பிரிவு, என்றைக்குள் போக வேண்டும், காப்பீட்டு அட்டையில் வருமா என்று தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள். வார்டு நம்பரையும் எழுதுங்கள். இரண்டு நாள் கழித்துப் போன் போட்டு, போனீர்களா என்று கேளுங்கள்.

முக்கியமாக, உட்கார வைத்துச் சொல்லுங்கள். எங்கள் ஓபியில் இதற்கென்று தனி அறை கிடையாது, டிரெஸ்ஸிங் ரூம் கதவைச் சாத்திக்கொள்கிறோம். இன்னொரு நாற்காலி வேண்டுமென்று எழுதிக் கொடுத்து மாதக்கணக்காகிறது. வரும் வரைக்கும் என் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு, டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.