தூக்கிப் பழகாத கைகள்

பிறந்து மூன்று நாளான குழந்தையை இளம் பெற்றோர் எப்படிப் பிடித்திருக்கிறார்கள் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். தோள் விறைத்திருக்கும், தலையை எங்கே தாங்குவது என்று தெரியாமல் மூச்சுக்கூட விடாமல் நிற்பார்கள். தங்கள் குழந்தைக்கு முன்னால் வேறொரு கைக்குழந்தையைத் தூக்கியே இராதவர்கள் இப்போது ஏராளம்.

குழந்தை மருத்துவராக, நூறாண்டுகளில் குடும்பம் மாறிய விதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான். 1950-இல் உலக அளவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏறத்தாழ 5 குழந்தைகள், இன்று 2-க்குச் சற்று மேல். அன்று மூத்த பிள்ளை பத்து வயதிலேயே தம்பி தங்கையை இடுப்பில் தூக்கித் திரிந்து, குளிப்பாட்டுவதையும் தூங்கவைப்பதையும் பக்கத்திலிருந்து பார்த்தே பழகிவிடும். அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிடாதீர்கள், அப்போது ஐந்தில் ஒரு குழந்தைக்கு மேல் ஐந்து வயதுக்குள் இறந்துபோனது, இன்று நூறில் நான்குக்கும் குறைவு. தடுப்பூசியும் ஆன்டிபயாடிக்கும் சுத்தமான தண்ணீரும் தந்த நன்மை அது. ஆனால் பார்த்துப் பழகும் வாய்ப்பு போய்விட்டது, அந்த இடத்துக்கு நடுராத்திரி செல்போன் தேடல் வந்துவிட்டது.

அதனால் இயல்பான விஷயங்களே பயமுறுத்துகின்றன. முதல் சில நாள் எடை கொஞ்சம் குறையும், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் மீண்டுவிடும். ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். அழுகை ஆறு முதல் எட்டு வார வாக்கில் உச்சத்துக்குப் போய், அப்புறம் மெல்ல மெல்லத் தணியும். பொறுமை எல்லை மீறுகிறதா, குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு ஐந்து நிமிடம் அறையை விட்டு வெளியே வாருங்கள். எந்தக் காரணத்துக்காகவும் உலுக்காதீர்கள், மூளைக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டு உயிரே போகலாம். மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் மட்டும் தேடிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

சரி, குழந்தையைப் பார்க்க வரும் உறவினர்களுக்கும் ஒன்று. அந்தத் தாயிடம் அறிவுரை சொல்வதைவிட, குழந்தையை நீங்கள் வைத்துக்கொண்டு அவளை இரண்டு மணி நேரம் தூங்கவிடுவது பெரிய உதவி. பிரசவத்துக்குப் பிறகு வரும் அழுகையும் படபடப்பும் இரண்டு வாரத்தைத் தாண்டியும் நீடித்தால், குழந்தையின் மேல் ஒட்டுதலே இல்லை என்று அவள் சொன்னால், “எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும்” என்று தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும்போது எங்களிடம் சொன்னாலும் போதும்.