சுயசான்று கட்டட அனுமதி: ‘சமர்ப்பி’ என்று அழுத்துவதற்கு முன்

சென்னையில் ஒரு கிரவுண்டோ அரைக் கிரவுண்டோ மனை வைத்துக்கொண்டு வீடு கட்டக் காத்திருப்பவர்களுக்கு 2024 ஜூலை முதல் ஒரு வசதி கிடைத்திருக்கிறது. திட்டம் தொடங்கியபோது அறிவித்தபடி, 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாத பரப்பில், தரைத்தளமோ தரைத்தளத்துடன் முதல் தளமோ கொண்ட வீட்டுக்கு, உரிமையாளரே சான்றளித்து ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்தால் அனுமதி உடனே கைக்கு வந்துவிடும். கட்டுவதற்கு முன் மனையைப் பார்க்க எவரும் வர மாட்டார்கள். பரிசீலனைக் கட்டணமும் உட்கட்டமைப்பு வசதிக் கட்டணமும் கிடையாது. கட்டி முடித்தபின் பணிநிறைவுச் சான்றும் தேவையில்லை. அரசு சொல்வது இவ்வளவு. அது சொல்லாமல் விட்டது என்னவென்றால், முன்பு அலுவலர் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டிய குறைகளை இனி நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதும், நீங்கள் தவறவிட்டால் அனுமதி ரத்தாகும் பழியும் நட்டமும் உங்களையே சேரும் என்பதும்தான்.

முதல் பொறி பட்டாவில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவரின் கிரயப் பத்திரத்தில் முப்பதுக்கு நாற்பது, அதாவது 1,200 சதுர அடி என்று எழுதியிருந்தது. பட்டாவில் இருந்ததோ 106 சதுர மீட்டர். சதுர மீட்டரைச் சதுர அடியாக மாற்றிப் பார்க்க அவருக்கும் தோன்றவில்லை, வரைபடம் போட்டவருக்கும் தோன்றவில்லை. மாற்றிப் பார்த்திருந்தால் அது 1,141 சதுர அடிதான் என்று தெரிந்திருக்கும். பத்திர அளவை நம்பி வரைபடம் போட்டார்கள், அனுமதியும் உடனே வந்தது. சுவர் லிண்டல் மட்டத்துக்கு எழுந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தார். அளக்க வந்தவர்கள், சுவருக்கும் மனை எல்லைக்கும் நடுவே விட வேண்டிய பக்க இடைவெளி போதவில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். ‘அனுமதி கொடுத்தீர்களே’ என்று அவர் கேட்டதற்கு, ‘அளவு சரி என்று நீங்கள்தானே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்’ என்ற பதில்தான் வந்தது. சட்டப்படி அந்தப் பதில் சரி என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஆகவே பத்திரத்தில் உள்ள அளவு, பட்டாவிலும் புலப்படத்திலும் (நில அளவைத் துறையின் வரைபடம்) உள்ள அளவு, நாடா பிடித்து நேரில் அளந்த அளவு ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதி வைத்து, எது குறைவோ அதற்கு மட்டும் வரைபடம் போடச் சொல்லுங்கள். ‘அரை அடிதானே, சமாளித்துக்கொள்ளலாம்’ என்று சொல்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். சர்வே எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய பத்திரத்தில் கிராமச் சர்வே எண் இருக்கும். நகர நில அளவை முடிந்த பகுதிகளில் பட்டாவில் வேறு எண் இருக்கும். இரண்டும் ஒரே மனைதான் என்பதைக் காட்டும் ஆவணம் கையில் இல்லாவிட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் வழக்காட வேண்டிய நிலை வரும்.

பட்டா இன்னும் தந்தை பெயரிலோ பாட்டனார் பெயரிலோ இருந்தால் கட்டட அனுமதியைப் பற்றி இப்போதைக்கு மறந்துவிட்டுப் பட்டா மாற்றத்தை முடியுங்கள். உட்பிரிவு தேவைப்படும் பட்டா மாற்றத்துக்கு நில அளவர் வந்து அளக்க வேண்டும். அவர் என்று வருவார் என்பதை அவரைத் தவிர யாரும் அறிய மாட்டார்கள். அதனால் செங்கல் விலை விசாரிப்பதற்கு முன்பே இதைத் தொடங்கிவிட வேண்டும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் அதில் பெயருள்ள ஒவ்வொருவரும் ஒப்புதல் தர வேண்டும். ‘தம்பி வெளிநாட்டில் இருக்கிறான், அவன் ஒன்றும் சொல்ல மாட்டான்’ என்பது ஆவணம் ஆகாது.

இரண்டாவது பொறி மனையின் அங்கீகாரம். புறநகரில் மனை வாங்கியவர்களில் பலர் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று முத்திரை குத்திய மனைப்பிரிவு வரைபடம் ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அது அங்கீகாரம் அன்று. மனைப்பிரிவுக்குச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமோ நகர் ஊரமைப்பு இயக்ககமோ கொடுத்த ஒப்புதல்தான் செல்லும். ஒப்புதல் இல்லாத மனையானால், 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் பத்திரப் பதிவானதா என்று பாருங்கள். ஒப்புதல் இல்லாத மனைகளை முறைப்படுத்த 2017இல் வந்த வரன்முறை விதிகளின் அடிப்படைத் தேதி அதுதான். வரன்முறைக்கு விண்ணப்பித்த ரசீதை ஆணை என்று நினைத்துக்கொண்டு வீடு கட்டத் தொடங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரசீது வேறு, ஆணை வேறு. சொத்துவரி கட்டியதும் மின் இணைப்பு வாங்கியதும் இந்தக் கணக்கில் சேரவே சேராது.

அளவு வரம்பில் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி என்பதால் பெரும்பாலோர் தப்பித்துவிடுகிறார்கள். மூலை மனைக்காரர்தான் 2,540 என்று வைத்துக்கொண்டு மாட்டிக்கொள்கிறார். அவர் வழக்கமான முறையில்தான் விண்ணப்பிக்க வேண்டும். கட்டடப் பரப்பு என்பது அறைக்குள் கம்பளம் விரிக்கும் பரப்பு அன்று, சுவரின் கனமும் சேர்ந்தது. முன்பக்கம் ஒரு சின்னக் கடை வைத்து வாடகைக்கு விடலாம் என்ற எண்ணம் இருந்தால் இந்தத் திட்டம் உங்களுக்கானது அன்று. இது குடியிருப்புக்கு மட்டும். வரம்புகள் திருத்தப்படுவதுண்டு என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் இணையதளத்தில் உள்ளதைப் படித்துவிட்டுச் செயல்படுங்கள். போன வருடம் கட்டியவர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

தெருவின் அகலம் பற்றியும் ஒரு வார்த்தை. பத்திரத்தில் ‘20 அடிப் பொது வழி’ என்று இருக்கும். நேரில் போனால் எதிர் வீட்டுச் சாய்தளமும் இந்தப் பக்கத்துப் படிக்கட்டும் போக 16 அடிதான் மிஞ்சும். வரைபடத்தில் 20 என்று போடுவது உங்கள் சான்றில் நீங்கள் சொல்லும் பொய்யாகிவிடும். பதிவேட்டில் உள்ள அகலத்தைக் கேட்டு வாங்குங்கள், தெருவின் நிழற்படத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, விண்ணப்பத்தை யார் போடுகிறார்கள் என்ற கேள்வி. பெரும்பாலும் பொறியாளரோ அவரிடம் வேலை பார்க்கும் பையனோ போடுகிறார். அப்போது கைப்பேசி எண் என்ற கட்டத்தில் தம் எண்ணையே போட்டுவிடுகிறார்கள். ஓடிபி முதல் நோட்டீஸ் வரை எல்லாம் அங்கேயே போய்ச் சேரும், உங்களுக்கு எதுவும் தெரியாது. உங்கள் எண்ணும் உங்கள் மின்னஞ்சலும்தான் பதிவாக வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பதிவேற்றிய வரைபடத்தின் பிரதியை வாங்கி, மேஸ்திரி கையில் இருக்கும் வரைபடத்தோடு பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள். இணையத்துக்கு ஒன்று, மேஸ்திரிக்கு ஒன்று என இரண்டு வரைபடம் வைத்திருப்பது இந்தத் தொழிலில் புதிதன்று. மாட்டும்போது பொறியாளர் ‘உரிமையாளர் கேட்டார், போட்டுக் கொடுத்தேன்’ என்பார்.

விலக்கு இல்லாத மற்றக் கட்டணத்தை இணையத்திலேயே செலுத்தி, ரசீதை உங்கள் பெயரில் பதிவிறக்குங்கள். ‘அப்ரூவலுக்கு எல்லாம் சேர்த்து இவ்வளவு’ என்று மொத்தத் தொகை பேசுபவரிடம், அரசுக்கு எவ்வளவு, வரைபடத்துக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் தொகை எங்கே போகிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. யாரும் நேரில் வரத் தேவையில்லாத திட்டத்தில் ‘அங்கே கவனிக்க வேண்டும்’ என்று ஒருவர் சொன்னால், கவனிக்கப்பட வேண்டியவர் அவரேதான்.

கட்டும்போது வரைபடத்தை மீறாதீர்கள். கான்கிரீட் போடும் நாளில் ‘பால்கனியை இரண்டு அடி இழுத்துவிடலாமா’ என்று மேஸ்திரி கேட்பார். அந்த இரண்டு அடி பக்க இடைவெளிக்குள் தொங்கும். முதல் தளம் முடிந்ததும் மொட்டை மாடியில் ஓர் அறை போடும் ஆசையும் வரும். அனுமதியில்லாத பகுதிக்குப் பணி நிறுத்த நோட்டீஸ் அனுப்பவும் பூட்டி முத்திரையிடவும் நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 அதிகாரம் தருகிறது. சுயசான்று அந்த அதிகாரத்தைக் குறைக்கவில்லை.

பணிநிறைவுச் சான்று விலக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. அது இல்லாமல் கடனோ மின், குடிநீர் இணைப்போ தரக் கூடாது என்ற பொருளில் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, விலக்குள்ள வீட்டுக்காரரிடமும் வங்கிகள் அந்தச் சான்றைக் கேட்கின்றன. வங்கி ‘மாநகராட்சியிடம் வாங்கி வாருங்கள்’ என்னும், மாநகராட்சி ‘உங்களுக்குத் தேவையே இல்லை’ என்னும். அனுமதி ஆணையின் நகலோடு விலக்களிக்கும் விதியின் நகலையும் இணைத்து வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள், மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். கடன் வாங்கித்தான் கட்டப் போகிறீர்கள் என்றால் இந்தப் பேச்சை அஸ்திவாரம் தோண்டும் முன்பே முடித்துவிடுங்கள்.

எந்த அலுவலகமாக இருந்தாலும் வாய்வழிப் பதிலை ஏற்காதீர்கள். மனுவின் நகலில் தேதியிட்ட முத்திரை வாங்குங்கள். முத்திரை மறுத்தால் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டத்தில் ‘என் மனு இன்று யாரிடம் இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது’ என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். பதிலளிக்க 30 நாள் அவகாசம் உண்டு. பெரும்பாலும் அதற்குள் மனுவே நகரத் தொடங்கிவிடும்.