நேவிகேஷன் ஆக்ட்: கடற்பயணச் சட்டமா, கப்பலோட்டச் சட்டமா?

அமெரிக்க விடுதலைப் போரின் காரணங்களைப் படிக்கும்போது, இங்கிலாந்து போட்ட நேவிகேஷன் ஆக்ட் என்ற சட்டத்தின் பெயர் தப்பாமல் வரும். இதைக் 'கடற்பயணச் சட்டம்' என்று தமிழாக்கினால், ஏதோ கலங்கரை விளக்கம், பயணிகள் பாதுகாப்பு பற்றிய விதிகள் போலத் தோன்றுகிறது. உண்மையில் அதன் கவலையெல்லாம் ஒன்றுதான்: சரக்கை யாருடைய கப்பல் ஏற்றுவது?

லத்தீனில் நாவிஸ் என்றால் கப்பல். அகெரெ என்றால் செலுத்துதல். இரண்டும் சேர்ந்ததே நாவிகாரே, கப்பலோட்டுதல். நம்முடைய 'நாவாய்' உடனே நினைவுக்கு வரும். வடமொழி 'நௌ'வும் லத்தீன் நாவிஸும் ஒரே குடும்பம். நாவாயையும் அதில் சேர்ப்பதற்கு ஒலி ஒற்றுமை மட்டும் போதாது.

1651இல் இங்கிலாந்து முதல் சட்டத்தைப் போட்டபோது குறி டச்சுக்காரர்கள்மீதுதான். அன்று கடல் வணிகத்தில் அவர்கள் கைதான் ஓங்கியிருந்தது. 1660இல் பிடி இறுகியது. கப்பல் ஆங்கிலேயருடையதாக இருக்க வேண்டும், மாலுமிகளில் நான்கில் மூன்று பங்கினர் ஆங்கிலேயராக இருக்க வேண்டும். புகையிலை, சர்க்கரை, பருத்தி, அவுரி போன்ற குடியேற்றங்களின் (காலனிகளின்) சரக்குகள் இங்கிலாந்துக்கோ அதன் பிற குடியேற்றங்களுக்கோ மட்டும்தான் போகலாம். வர்ஜீனியாப் புகையிலை பிரான்சுக்குப் போவதென்றாலும் முதலில் இங்கிலாந்தில் இறங்கியாக வேண்டும். 1663இல் எதிர்த்திசையும் அடைபட்டது: ஐரோப்பியச் சரக்குகள் பெரும்பாலும் இங்கிலாந்து வழியாகத்தான் அமெரிக்காவுக்கு வர முடியும்.

இதில் குடியேறிகளுக்கு நட்டம் மட்டும்தான் என்று சொல்ல முடியாது. அவர்களும் ஆங்கிலேயர் கணக்கில் வந்ததால், அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்தில் கப்பல் கட்டும் தொழில் செழித்தது. ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு 1707 வரை அந்த உரிமைகூட இல்லை! புகையிலை பயிரிட்டவர்களுக்குத்தான் வாங்குபவர் ஒருவரே என்ற நெருக்கடி.

சிக்கல் முற்றியது வெல்லப்பாகில். ரம் காய்ச்ச அது வேண்டும். கரீபியக் கடலின் பிரெஞ்சுத் தீவுகளில் மலிவாகக் கிடைத்தது. 1733இல் அயல்நாட்டுப் பாகுக்கு கேலனுக்கு 6 பென்ஸ் வரி போட்டார்கள். யார் கட்டினார்கள்? சுங்க அதிகாரி கையில் ஏதாவது வைத்தால் சரி, பாகு இறங்கிவிடும். 1764இல் வரியை 3 பென்ஸாகக் குறைத்தார்கள். ஆனால் இந்த முறை கறாராக வசூலிக்கக் கிளம்பினார்கள். எதிர்ப்பு அப்போதுதான் வெடித்தது. பாதியாகக் குறைந்த வரிக்கா இத்தனை கோபம் என்றால், அதுவரை கட்டியதே இல்லையே!

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 1906இல் தூத்துக்குடியில் வ.உ.சி. தொடங்கிய கம்பெனியின் ஆங்கிலப் பெயரிலும் நேவிகேஷன் உண்டு. தமிழில் அது 'சுதேசி நாவாய்ச் சங்கம்'. அவரைக் 'கப்பலோட்டிய தமிழன்' என்கிறோம். அவர் சுக்கான் பிடித்தார் என்றா பொருள்? கப்பல் வணிகம் நடத்தினார் என்பதுதானே! நேவிகேஷன் ஆக்டிலும் அதே பொருள்தான். ஆகவே 'கப்பலோட்டச் சட்டம்' என்பதே என் தேர்வு. 'கப்பல் வணிகச் சட்டம்' என்றாலும் பிழையில்லை.