மருத்துவக் காப்பீடு: மாறிய விதிகளும் மாறாத அறை வாடகைச் சிக்கலும்

சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர் பாலிசி எடுத்தால், அந்த நோய்க்கான செலவைக் கோர முன்பு 4 ஆண்டுகள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதிப்படி, 2024 ஏப்ரல் 1 முதல் அது அதிகபட்சம் 36 மாதம்தான். 65 வயதைத் தாண்டியவரும் புதிய பாலிசி கேட்கலாம். அதற்காக வருகிற விண்ணப்பத்தையெல்லாம் நிறுவனம் ஏற்றே ஆகவேண்டும் என்றில்லை.

இருக்கிற நோயை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். "அதை எழுதாதீங்க சார், பிரீமியம் ஏறிடும்" என்று முகவர் சொன்னாலும் எழுதுங்கள். கிளைம் நிராகரிக்கப்பட்டால் பணம் கட்டப்போவது அவர் அல்ல. இடைவெளியில்லாமல் 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபிக்காமல் 'நோயை மறைத்தார்' எனக் காரணம் காட்டி மறுக்க முடியாது.

கேஷ்லெஸ், அதாவது மருத்துவமனைக்குக் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகப் பணம் கட்டும் முறையில், கோரிக்கைக்கு 1 மணி நேரத்தில் பதில் வரவேண்டும். டிஸ்சார்ஜின்போது இறுதி ஒப்புதல் 3 மணி நேரத்தில். அந்த நேரத்தைத் தாண்டியதால் மருத்துவமனை கூடுதலாக வசூலித்தால் அது காப்பீட்டு நிறுவனத்தின் செலவு. மருத்துவமனையின் இன்சூரன்ஸ் பிரிவு எத்தனை மணிக்குக் கோரிக்கையை அனுப்பியது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கையைக் கடிப்பது அறை வாடகை. பாலிசியில் நாளுக்கு ரூ.5,000 வரம்பு இருக்க, ரூ.10,000 அறையில் சேர்ந்தால், நிறுவனம் குறைத்துத் தருவது வாடகையை மட்டுமல்ல. மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவற்றுக்கு அது தரும் தொகையும் அதே விகிதத்தில் பாதியாகலாம். மருந்து, உள்பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள், ஐசியூ ஆகியவற்றில் இந்த விகிதாச்சார வெட்டு கூடாது. பில்லில் இவற்றிலும் வெட்டியிருந்தால் எழுத்தில் கேளுங்கள்.

பிரீமியத்தைப் பொறுத்தவரை, 60 வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற, நிறுவனம் முதலில் ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும். தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீத ஜிஎஸ்டி இல்லை. குழுக் காப்பீட்டுக்கு உண்டு. தனியார் மருத்துவமனைக் கட்டணத்துக்கோ இந்த விதிகளில் கடிவாளம் கிடையாது. அது ஏற ஏற பிரீமியமும் ஏறத்தான் செய்யும்.

நிறுவனம் மாற நினைத்தால், புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பியுங்கள். பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்கு, கழித்த காத்திருப்புக் காலமும் கூடவே வரும். தொகையைக் கூட்டினால், கூடுதல் பகுதிக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும்.

கிளைம் மறுக்கப்பட்டால், எந்த நிபந்தனையின்படி மறுத்தார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். முதல் புகார் நிறுவனத்திடம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, ரூ.50 லட்சம் வரை விசாரிப்பார். நிறுவனம் மறுத்து ஓராண்டுக்குள் அங்கே புகார் சேர்ந்துவிட வேண்டும்.