இருபது நிமிடத்தில் அணையும் கணப்பு

டொரொன்டோவை அடுத்த மார்க்கமில் இருந்து ஒரு வாசகரின் கேள்வி. அவர் வீட்டு வரவேற்பறையில் உள்ள கேஸ் ஃபயர்பிளேஸ் சுவிட்சைத் தட்டியதும் பற்றிக்கொள்கிறது. பதினைந்து இருபது நிமிடம் அழகாக எரிகிறது. அப்புறம் தானாக அணைந்துவிடுகிறது. உள்ளே மூலையில் இருக்கும் பைலட் சுடர், அதாவது பெரிய தீயைப் பற்றவைக்கும் சின்னச் சுடர், மட்டும் அணையாமல் எரிகிறது. கொஞ்ச நேரம் ஆறவிட்டுத் தட்டினால் மறுபடி பற்றுகிறது. "இது ஒழுங்காக வேலை செய்கிறதா இல்லையா என்று நானே எப்படிப் பார்ப்பது?" என்று கேட்கிறார்.

ஊட்டி, கொடைக்கானல் பங்களாக்களில் விறகு எரிக்கும் கணப்பைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கனடா வகை வேறு மாதிரி இருக்கும். விறகுக்கட்டை மாதிரி தெரிவது பீங்கானில் செய்த போலிக் கட்டை. அடியில் துளைகளுள்ள பர்னர், அதில் மீத்தேன் எரிகிறது. முன்னால் வெப்பம் தாங்கும் கண்ணாடி, காற்றுப் புகாமல் மூடியது. இப்போது பெரும்பாலும் பொருத்தப்படும் வகையில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் வைத்துச் சுவர் வழியாக வெளியே போகிறது. உள்குழாய் வழியே புகை வெளியேறும், வெளிக்குழாய் வழியே எரிவதற்கான காற்று உள்ளே வரும். அறைக்காற்றை அது தொடுவதே இல்லை. எரிதலின் வேதியியல் பள்ளியில் படித்ததுதான். மீத்தேனும் ஆக்சிஜனும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடும் நீரும் ஆகின்றன. ஒரு கன மீட்டர் வாயு எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும். குளிர்காலத்தில் வெளிச்சுவரில் வெள்ளையாகப் புகைவது இந்த நீராவிதான், பயப்பட வேண்டாம்.

சரி, வாசகரின் பிரச்சினைக்கு வருவோம். விடை அந்தப் பெரிய தீயில் இல்லை, சின்னச் சுடரில் இருக்கிறது.

பழைய வகைக் கணப்புகளில் ஒரு விசேஷம் உண்டு. வீட்டு மின்சாரம் போனாலும் அவை எரியும். 2013 டிசம்பரில் உறைமழை பெய்து டொரொன்டோவின் மரங்களும் மின்கம்பிகளும் பனிக்கட்டிப் பாரத்தில் முறிந்து விழுந்தபோது, நகரில் ஏறத்தாழ 3 லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. கிறிஸ்துமஸ் நேரம். கேஸ் இருந்தும் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடவில்லை, அதன் விசிறிக்கு மின்சாரம் வேண்டுமே. ஆனால் இந்த வகைக் கணப்பு சுவிட்சைத் தட்டியதும் எரிந்தது. சுவிட்சில் ஓடும் மின்சாரம் எங்கிருந்து வந்தது? பேட்டரி கிடையாது. பைலட் சுடரே அதைத் தயாரிக்கிறது.

இதற்கு அடிப்படை சீபெக் விளைவு. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் வெப்ப மின்னிரட்டை என்று படித்து மதிப்பெண் வாங்கியதோடு பலர் மறந்திருப்பார்கள். இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகளை இரு முனைகளிலும் இணைத்து வளையமாக்குங்கள். ஒரு சந்தியைச் சூடாக்கி மற்றதைக் குளிராக வைத்தால் வளையத்தில் மின்னோட்டம் பாயும். சூடான முனையில் எலக்ட்ரான்களின் ஆற்றல் கூடுதல், அவை குளிர்ந்த முனையை நோக்கி நகர்ந்து அங்கே கூடுகின்றன. ஒரே உலோகம் என்றால் போகும் பாதையிலும் திரும்பும் பாதையிலும் இந்தத் தள்ளல் சமமாகி ரத்தாகிவிடும். உலோகங்கள் வேறுபட்டால் தள்ளலின் அளவும் வேறுபடும், மிச்சம் மின்னழுத்தமாக வெளியே தெரியும்.

மிச்சம் மிகச் சிறியது. நல்ல உலோகக்கலவை ஜோடிக்கே ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 60 மைக்ரோவோல்ட் அளவில்தான் கிடைக்கும். 500 டிகிரி வேறுபாடு இருந்தால் 30 மில்லிவோல்ட். டார்ச் பேட்டரி தருவதில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால் இப்படி இருபது ஜோடிகளைத் தொடராக இணைத்தால் 600 மில்லிவோல்ட், அரை வோல்ட்டுக்கும் மேல். இந்த அடுக்குதான் தெர்மோபைல். பென்சில் பருமனில் ஓர் உலோகக் குழல், அதன் தலை பைலட் சுடருக்குள் நிற்கிறது. சுவிட்சைத் தட்டினால் பெரிய தீக்கான வால்வைத் திறந்து பிடிப்பது இதன் மின்சாரம்தான். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாத மின் நிலையம்!

இன்னும் ரசிக்க வேண்டியது இதன் பக்கத்தில் நிற்கும் ஒற்றை மின்னிரட்டையின் வேலை. அது தரும் 30 மில்லிவோல்ட்டால் எரிவாயு நுழையும் பாதுகாப்பு வால்வை இழுத்துத் திறக்க முடியாது. அதற்கு அவ்வளவு பலம் இல்லை. பைலட்டைப் பற்றவைக்கும்போது குமிழை அழுத்தி அரை நிமிடம் பிடித்திருக்கச் சொல்கிறார்களே, அது ஏன்? உங்கள் விரல்தான் வால்வைத் திறந்து, அதன் இரும்புத் தகட்டை மின்காந்தத்தோடு ஒட்டவைக்கிறது. ஒட்டிய இரும்பைப் பிடித்து வைத்திருக்க மிகக் குறைந்த விசை போதும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்த பொம்மை கதவைத் தொட்டால்தான் பிடிக்கும், ஒரு விரற்கடை தள்ளி நின்றால் விழுந்துவிடும் அல்லவா, அதே கதைதான். மின்னிரட்டை சூடேறும்வரை நீங்கள் பிடிக்கிறீர்கள், பிறகு அது பிடித்துக்கொள்கிறது. பைலட் அணைந்தால் மின்னிரட்டை ஆறும், காந்தம் விடும், ஸ்பிரிங் வால்வை மூடும், ஒன்றரை நிமிடத்துக்குள் வாயு நின்றுவிடும். தானாகத் திரும்பத் திறக்கவும் செய்யாது, ஏனென்றால் திறக்கும் பலம் அதற்கு இல்லை. பலவீனத்தையே பாதுகாப்பாக மாற்றிய இந்த யோசனையைச் செய்தவர்களுக்கு யாரும் சிலை வைத்ததாகத் தெரியவில்லை.

1821-ல் பெர்லினில் தாமஸ் யோஹான் சீபெக் இதைக் கண்டபோது மின்சாரம் என்றே அவர் நம்பவில்லை. செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்துச் சூடாக்கினார், பக்கத்தில் வைத்த திசைகாட்டி முள் திரும்பியது. வெப்பம் நேராகக் காந்தத்தை உண்டாக்குகிறது என்று முடிவுகட்டினார். மின்னோட்டம்தான் முள்ளைத் திருப்புகிறது என்று டேனிஷ் இயற்பியலாளர் எர்ஸ்டெட் சொன்னதை அவர் ஏற்கவே இல்லை. ஐந்தாண்டு கழித்து ஜார்ஜ் ஓம், அக்கால பேட்டரியான வோல்டா அடுக்கின் மின்னழுத்தம் நிலையில்லாமல் ஏறி இறங்கியதால், ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்த வெப்ப மின்னிரட்டையை எடுத்துக்கொண்டார். ஓம் விதி பிறந்தது அதிலிருந்துதான். 1977-ல் புறப்பட்ட இரண்டு வாயேஜர் விண்கலங்களும் புளூட்டோனியத்தின் சூட்டில் இதே விளைவைக் கொண்டு மின்சாரம் எடுத்து வருகின்றன. இன்றைய ஆய்வு நிதி விண்ணப்பம் ஒன்றைச் சீபெக் நிரப்பியிருந்தால், 'மூன்றாண்டுகளில் இதனால் என்ன பயன்?' என்ற கட்டத்தில் என்ன எழுதியிருப்பார்? விளக்கமும் தவறு, பயனும் பூஜ்யம். அந்தக் கட்டத்தை நீக்கிவிடலாம் என்பது என் கட்சி.

இப்போது மார்க்கம் கணப்பு ஏன் இருபது நிமிடத்தில் அணைகிறது என்று ஊகிக்கலாம். தெர்மோபைல் அளப்பது சூட்டை அல்ல, சூட்டு வேறுபாட்டை. பெரிய தீ எரிய எரிய கணப்பின் உட்பகுதியே காய்ந்து, தெர்மோபைலின் குளிர் முனையும் சூடேறுகிறது. வேறுபாடு குறைகிறது, மில்லிவோல்ட்டும் குறைகிறது. கூடவே வால்வுச் சுருளும் சூடாகி அதன் மின்தடை கூடுகிறது. புதிய தெர்மோபைலுக்கு இது பொருட்டல்ல, கையிருப்பு நிறைய. சுடரில் ஆண்டுக்கணக்கில் வெந்து தேய்ந்தது, அல்லது பைலட் சுடர் ஒடுங்கிப்போனது என்றால், ஏதோ ஒரு கட்டத்தில் பெரிய தீயின் வால்வைப் பிடிக்கும் அளவுக்குக் கீழே இறங்கிவிடும். தீ அணையும். ஆறியதும் வேறுபாடு மீண்டும் கூடி, பற்றும்.

பார்ப்பது எளிது. முதலில் பைலட்டைக் கவனியுங்கள். நீலமாக, ஊதினாற்போல நிமிர்ந்து, தெர்மோபைலின் தலையில் ஒரு சென்டிமீட்டரையாவது சுற்றி அணைத்திருக்க வேண்டும். மஞ்சளாகச் சோம்பி ஆடினால் அதன் துளையில் தூசி. அடுத்து, கையில் மல்டிமீட்டர் இருந்தால் மில்லிவோல்ட் அளவில் வைத்து வால்வில் தெர்மோபைல் கம்பிகள் சேரும் இரு முனைகளைத் தொடுங்கள். பெரிய தீ அணைந்த நிலையில் 500-க்கு மேல் காட்டினால் தெம்பாக இருக்கிறது. 325 என்ற எல்லையைப் பல கையேடுகள் சொல்கின்றன. அதற்குக் கீழே போனால் மாற்ற வேண்டும். தீ எரியும்போது அளவு இறங்குவது இயல்பு, ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் சரிந்துகொண்டே போனால் நோய் அதுதான். அளவு நன்றாக இருந்தும் அணைகிறதா? சுவர் சுவிட்சைச் சந்தேகியுங்கள். அரை வோல்ட்டால் சுவிட்சின் உட்பரப்பில் படிந்த ஆக்சைடு படலத்தைத் தாண்ட முடியாது. இந்தக் கம்பியில் வீட்டின் 120 வோல்ட்டைக் கொண்டுபோய் இணைத்து வால்வைப் பொசுக்குகிறவர்களும் உண்டு, அந்த வேலை வேண்டாம்.

இன்னொரு சாத்தியம் இருக்கிறது, அது ஆபத்தானது. பெரிய தீ எரியும்போது பைலட் சுடர் தெர்மோபைலை விட்டு எழும்பி மிதக்கிறதா? பர்னரின் சுடர்களும் துளையை விட்டு மேலெழுந்து பேய் மாதிரி அலைகின்றனவா? அப்படியானால் ஆக்சிஜன் போதவில்லை. வெளிக்குழாய் வாயில் பனி மூடியிருக்கலாம், பறவைக் கூடு இருக்கலாம். உடனே அணைத்துவிட்டு வெளியே போய்ப் பாருங்கள்.

காரணம் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை, ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுகப் பற்றும். 2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் வுட்ஸ்டாக்கில் ஹாக்கின்ஸ் குடும்பத்தினர் நால்வரும் இதனால் இறந்தார்கள். கேஸ் கணப்பின் புகைக்குழாய் அடைபட்டிருந்தது. அவர்கள் பெயரைத் தாங்கிய சட்டத்தைத் தொடர்ந்துதான் 2014 முதல் ஒன்டாரியோவில் எரிபொருள் சாதனம் உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே எச்சரிக்கை அலாரம் கட்டாயமானது. அலாரத்தின் பொத்தானை அழுத்திப் பார்ப்பது ஒலிப்பானையும் பேட்டரியையும் மின்சுற்றையும்தான் சோதிக்கும், உள்ளே இருக்கும் உணரியை அல்ல. பின்பக்கம் அச்சிட்ட காலாவதித் தேதியைப் பாருங்கள். வீடு வாங்கும்போது கணப்பு அக்கினி மூலையில் இருக்கிறதா என்று செல்போன் திசைகாட்டியோடு சுற்றும் நம்மவர்களை எனக்குத் தெரியும். தென்கிழக்கைத் தேடும் நேரத்தில் அந்தத் தேதியைத் தேடலாம்.

தீயின் நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். சமையலறை அடுப்பில் மஞ்சள் சுடர் கோளாறு, இங்கே வேண்டுமென்றே செய்தது. காற்றைக் குறைத்துக் கலந்து, நுண்ணிய கரித்துகள்கள் சுடரில் ஒளிரும்படி விடுகிறார்கள், விறகுத்தீ போல இருக்கட்டும் என்று. பற்றியதும் நீலமாக இருந்து, கால் மணி நேரத்தில் மஞ்சளானால் சரி. கண்ணாடியில் கறுப்புப் படிந்தால்தான் கவலை. சுடர் போலிக் கட்டையில் மோதுகிறது, கட்டை இடம் மாறியிருக்கிறது, அல்லது காற்று போதவில்லை. வெள்ளைப் படலம் வெறும் கனிமப் படிவு, ஆறிய பிறகு துடைத்தால் போகும். இன்னொன்று, சுவிட்சைத் தட்டிய சில நொடிகளில் பர்னர் முழுக்கப் பரவ வேண்டும். தாமதித்து 'டப்' என்று பற்றினால் அத்தோடு நிறுத்திவிட்டு உரிமம் பெற்ற கேஸ் டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். எரிவாயுக் குழாயையோ வால்வையோ கழற்றுவது எப்படியும் அவர் வேலைதான்.

தருவதாகச் சொன்ன சூட்டைத் தருகிறதா என்பதற்கு ஒரு வழி உண்டு. ஃபர்னஸ், தண்ணீர் ஹீட்டர், கேஸ் அடுப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கணப்பை முழு அளவில் வைத்து, வெளியே கேஸ் மீட்டரைப் பத்து நிமிடம் பாருங்கள். பெயர்ப்பலகையில் மணிக்கு 30,000 பி.டி.யு (வெப்பத்தை அளக்கும் அலகு) என்று இருந்தால் மணிக்கு சுமார் 0.83 கன மீட்டர், பத்து நிமிடத்தில் 0.14 ஓட வேண்டும். ரொம்பக் குறைந்தால் பர்னர் துளையோ அழுத்தச் சீராக்கியோ அடைபட்டிருக்கும். கூடினாலும் நல்லதல்ல. ஆனால் இது உள்ளே போன ஆற்றல்தான். அதில் அறைக்கு எவ்வளவு வருகிறது என்பதை கனடாவில் எனர்கைட் என்ற திறன் எண்ணாகக் குறிப்பிட்டிருப்பார்கள். மாடலுக்கு மாடல் பெரிய வித்தியாசம் உண்டு. பார்வைக்கு மட்டுமே செய்த சில மாடல்களில் பாதிக்கு மேல் சுவருக்கு வெளியே போய்விடும்.

கோடையில் பைலட்டை அணைக்கலாமா என்றும் அதே வாசகர் கேட்டிருந்தார். மணிக்கு 800 பி.டி.யு என்று வைத்தால் மாதம் 16 கன மீட்டர் வாயு, தேவையில்லாத வெப்பத்துக்கு. அணைத்துவிடலாம். அக்டோபரில் மறுபடி பற்றவைக்கும்போது குமிழை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.